குளிருக்கு முன்னாடி எங்க குதிரை பிராம்பிளுக்கு முடி வெட்டலாமா, அப்படியே விட்டுடலாமா?

கொங்குப்பொண்ணு · யார்க்ஷயர் · அக்டோபர் 14

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதறேன். விவரம் முழுசாத் தெரிஞ்சாத்தானே யாராச்சும் சரியாச் சொல்ல முடியும்.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல, லீட்ஸுக்கு வடக்கே. ரெண்டு வருஷம் முன்னாடி மகளுக்காக ஒரு காப் குதிரை (குட்டையா, கட்டுமஸ்தா இருக்கற வகை) வாங்கினோம். பேரு பிராம்பிள். முன்னாடி வெச்சிருந்தவங்க கூப்பிட்ட பேரு, அதையே விட்டுட்டோம். கறுப்பு வெள்ளைப் பொட்டை, 14.1 கை உயரம் (14 கையும் ஒரு அங்குலமும், ஒரு கைன்னா நாலு அங்குலம்), எடை நாடாவில 490 கிலோ காட்டுது. வயசு 16. தங்கமான குணம். மகளுக்கு 15 வயசு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும், வாரநாள்ல ரெண்டு சாயங்காலமும் ஏறுவா.

பிரச்சினை என்னன்னா, அக்டோபர் பாதியிலயே இவளுக்குக் கரடி மாதிரி முடி வந்திருச்சு. போன சனிக்கிழமை 40 நிமிஷம்தான் போனாங்க, நடையும் கொஞ்சம் டிராட்டும் (மெது ஓட்டம்), ஒரே ஒரு மேடு. அஞ்சேகாலுக்குத் திரும்பி வரும்போது நெஞ்சு முழுக்கத் தொப்பலா நனைஞ்சு, சேணத்துக்கடியில நுரை கட்டியிருந்தது. துண்டால துடைச்சு, நடக்க விட்டு, ஏழரைக்கு முழங்கைக்குப் பின்னாடி கைய விட்டுப் பாத்தா அடி முடி இன்னும் ஈரம். வெளியில 4 டிகிரி, சாரல் வேற. ஈரத்து மேல ரக் (குதிரைக்குப் போத்தற போர்வை) போடவும் மனசு வரலை, போடாம விட்டுட்டு வீட்டுக்குப் போகவும் மனசு வரலை. ராத்திரி பூரா தூக்கமில்லை.

பக்கத்து லாயத்துக்காரங்க "முழுசா வெட்டிடு, நிம்மதி"ங்கறாங்க. யார்டு (நாங்க குதிரையை விட்டு வெச்சிருக்கற லாயம்) நடத்தற பெரியம்மா "காப் குதிரைக்குக் கடவுளே கோட்டு குடுத்திருக்கார், அதுல கை வைக்காதே"ங்கறாங்க. போன மே கடைசி வரைக்கும் வயித்துக்கடியில பழைய முடியே உதிரலை, இப்ப அதுக்குள்ள புதுசு வந்தாச்சு. இப்போதைக்கு இருபத்துநாலு மணி நேரமும் வெளியிலதான், ஒதுங்கக் கொட்டகை இருக்கு. நவம்பர் கடைசியில இருந்து ராத்திரி உள்ள கட்டுவோம். ரக் ரெண்டு இருக்கு: பஞ்சில்லாத மழை ரக் ஒண்ணு, 200 கிராம் பஞ்சு வெச்ச தடிமன் ரக் ஒண்ணு.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

பனிவெளி · ஒன்டாரியோ, கனடா · அக்டோபர் 14

வணக்கம் அக்கா. என்ர மனசில பட்டதை நேராச் சொல்லுறன்: வெட்டாதேங்கோ.

எங்கட இடத்தில ஜனவரியில மைனஸ் 25 சாதாரணம். என்னட்ட ரெண்டு குதிரை நிக்குது. ஒருக்காலும் வெட்டினதில்லை, ரக்கும் போடுறதில்லை. காலமை போய்ப் பாத்தா முதுகில நாலு விரல் உயரத்துக்குப் பனி அப்படியே கிடக்கும், உருகாமல். பனி உருகேல்லை எண்டால் உள்ளுக்குள்ள இருக்கிற சூடு வெளியில போகேல்லை எண்டுதானே அர்த்தம். பனியைத் தட்டிப்போட்டு முடிக்குள்ள விரலை விட்டால் தோல் இளஞ்சூடா இருக்கும். முடி சிலிர்த்து நிக்கேக்க அதுக்குள்ள காத்து அடைபட்டு நிக்கும், அதுதான் அவையின்ர கம்பளி. குளிருக்குப் பழகி நல்லா முடி வளர்ந்த குதிரை மைனஸ் 15 வரைக்கும் கூடுதலாச் சக்தி செலவழிக்காமல் தாங்கும். எங்களுக்குக் குளிருது எண்டு அதுக்கும் குளிரும் எண்டு நினைக்கக் கூடாது.

காய்ஞ்ச புல்லை நிறையக் குடுங்கோ. நார் பின்குடலில புளிக்கேக்க வாற சூடுதான் அதின்ர அடுப்பு. உடம்பு எடையில நூற்றுக்கு 2 பங்கு, கடுங்குளிர் எண்டால் அதுக்கு மேலயும் போடலாம்.

லாயத்து_ராஜா · சர்ரே · அக்டோபர் 15

பனிவெளி சொல்றது அவர் ஊருக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒன்டாரியோ குளிர் வேற, யார்க்ஷயர் குளிர் வேற. அங்க உலர்ந்த குளிர், பனி பொடியா விழும், முடி நனையாது. இங்க 4 டிகிரி, விடாத மழை, சேறு. நனைஞ்சு படிஞ்சுபோன முடியில காத்து எங்க நிக்கும்? காய்ஞ்ச குதிரை மைனஸ் 10-ல படற கஷ்டத்தைவிட, நனைஞ்ச குதிரை 4 டிகிரியில படற கஷ்டம் பெருசு. மழை மேலிருந்து நனைச்சாலும் எண்ணெய்ப் பசை உள்ள முடியில தண்ணி வழிஞ்சு ஓடிடும், அடி முடி காய்ஞ்சே இருக்கும். வியர்வை அப்படி இல்லை. தோல்லேர்ந்து கிளம்பி அடி முடியைத்தான் முதல்ல நனைக்கும்.

பதினோரு வருஷமா குரூமா (குதிரைகளைப் பராமரிக்கறவனா) வேலை பாக்கறேன். யாராவது "வெட்டலாமா"ன்னு கேட்டா நான் தேதியையும் பாக்கறதில்லை, வானிலையையும் பாக்கறதில்லை. வேலை முடிஞ்சு எத்தனை நிமிஷத்துல காயுதுன்னு மட்டும் கேப்பேன். அரை மணி, முக்கால் மணியில காய்ஞ்சுட்டா விட்டுடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சும் அடி முடி ஈரம்னா, அது செய்யற வேலைக்கு அந்தக் கோட்டு அதிகம்னு அர்த்தம்.

அதுக்காக முழுசா வெட்டணும்னு இல்லை. வேட்டைக்கும் பந்தயத்துக்கும் போற குதிரைக்குத்தான் ஹன்ட்டர் கிளிப்பும் (காலும் சேணம் படற இடமும் தவிர மத்த முடியெல்லாம் வெட்டறது) ஃபுல் கிளிப்பும் (எல்லாத்தையும் வெட்டறது). உங்க குதிரை வாரம் நாலு நாள், அதுவும் லேசான வேலை. எங்க வியர்க்குதோ அங்க மட்டும் எடுங்க. ரொம்பக் குறைவா வேணும்னா பிப்: தொண்டையும் நெஞ்சும் மட்டும். அடுத்தது லோ ட்ரேஸ்: கழுத்தோட அடிப்பக்கம், நெஞ்சு, வயித்துக்கடி, பின்தொடை பக்கம் ஒரு பட்டை. முதுகு, இடுப்பு, பிட்டம், கழுத்தோட மேல்பாதி, நாலு கால் எல்லாம் அப்படியே இருக்கும். வண்டி இழுக்கற குதிரைக்கு அந்த இழுவை வார் போற வழியில வெட்டினதால வந்த பேரு. மழை விழற இடத்துல முடி இருக்கு, வியர்க்கற இடத்துல முடி இல்லை. உங்க ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கொங்குப்பொண்ணு · யார்க்ஷயர் · அக்டோபர் 16

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னைக்குக் கடிகாரத்தோட உக்காந்து பாத்தேன். 35 நிமிஷம் ஏறினா. இறங்கினப்ப 5:05. நெஞ்சு காய 6:50 ஆச்சு, முழங்கை இடுக்கு 7:20 வரைக்கும் ஈரம். முதுகுல சேணம் இருந்த இடம் மட்டும்தான் சீக்கிரம் காய்ஞ்சது. ராஜா அண்ணன் சொன்ன பட்டை அப்படியே அச்சடிச்ச மாதிரி ஈரமா இருந்தது, கைபேசியில படம் கூட எடுத்து வெச்சேன்.

மாசக் கடைசியில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வெச்சுருவாங்க. அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏறினா திரும்பறப்ப கும்மிருட்டு. ரெண்டு மணி நேரம் இருட்டுல நின்னு காய வைக்க முடியாது. ஒரு பயம் மட்டும் போகலை. வெட்டிட்டு தப்பாப் போச்சுன்னா திரும்ப ஒட்ட முடியாதே?

நீலகிரி_மணி · உதகை · அக்டோபர் 16

அப்பா இங்க ஏரிப் பக்கம் குதிரை வெச்சிருந்தவர், நான் அதுங்களோடயே வளர்ந்தவன். டிசம்பர், ஜனவரியில விடிகாலை புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சிருக்கும். எங்க வீட்டுல ஒரு நாளும் முடி வெட்டினதில்லை. ராத்திரிக்குச் சாக்குத் தச்சுப் போத்துவோம். வேலை பூரா நடைதான், வியர்க்காது. அதான் தேவைப்படலை. மெஷின் வெச்சு இப்படிக் கோடு போட்டு வெட்டுவாங்கன்னு இப்பத்தான் தெரியுது. படம் இருந்தா போடுங்க அக்கா.

குளம்படி · கோர்க், அயர்லாந்து · அக்டோபர் 17

நான் கால்நடை மருத்துவர். கிளிப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயம். முதல் பதிவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு உறுத்துகிறது: மே கடைசி வரை வயிற்றுக்கடியில் பழைய முடி உதிரவில்லை என்றது.

குதிரையின் முடியை முடுக்குவது குளிர் அல்ல, பகல் வெளிச்சம். ஜூன் கடைசிக்குப் பிறகு பகல் குறையத் தொடங்கும்போதே உடம்பு குளிர்காலக் கோட்டுக்குத் தயாராகிவிடும். டிசம்பர் 21 தாண்டிப் பகல் நீளத் தொடங்கியதும் உதிர்வதற்கான வேலை ஆரம்பமாகும். நாட்டுக் காப்களுக்கு அடர்த்தி அதிகம், உதிர்வதும் தாமதம்தான். இருந்தாலும் 16 வயதில், மே முடியும்போதும் ஒரு பகுதி உதிராமல் நிற்பதும், அக்டோபர் பாதியிலேயே கரடி மாதிரி வளர்ந்திருப்பதும் ஒன்றாக வந்தால், குஷிங் நோயா என்று பார்த்தாக வேண்டும். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதி கட்டுமீறி வேலை செய்வதால் வருவது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

வேறு அறிகுறிகள் இருக்கின்றனவா? தண்ணீர் அதிகம் குடிப்பது, கொட்டில் வழக்கத்தைவிட ஈரமாவது, முதுகுத் தசை கரைந்து வயிறு தொங்குவது, கண் மேலே இருக்கும் பள்ளத்தில் கொழுப்பு நிறைவது, வேலை இல்லாமலே வியர்ப்பது. எல்லாம் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை.

ஏசிடிஎச் என்ற ஹார்மோனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இலையுதிர் காலத்தில் நல்ல குதிரைக்கும் அது ஏறித்தான் இருக்கும். ஆய்வகம் அந்தக் காலத்துக்குரிய அளவை வைத்துத்தான் ஒப்பிடும். நோயுள்ள குதிரைக்கு இந்த மாதங்களில் மிக அதிகமாக ஏறுவதால் கண்டுபிடிக்க இது நல்ல சமயம். கூடவே இன்சுலினும் பார்க்கச் சொல்லுங்கள். குஷிங் உள்ள குதிரைக்கு இன்சுலின் ஏறினால் குளம்பழற்சி வரும் ஆபத்து உண்டு, அதுதான் உயிருக்கு உலை வைப்பது.

இது பயமுறுத்த அல்ல. பெர்கோலைடு மாத்திரை இருக்கிறது, பல குதிரைகள் அதோடு வருடக்கணக்கில் நன்றாக வேலை செய்கின்றன. முடி விஷயத்தில் விடை தலைகீழாகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். குஷிங் குதிரைக்கு அந்த முடி தேவைக்கு அதிகம். ஈரம் தங்கினால் தோல் தொற்று எளிதில் பிடிக்கும். அதற்கு கிளிப் செய்வது சிகிச்சையின் ஒரு பகுதி.

கருங்குதிரை · ஹாம்பர்க் · அக்டோபர் 17

மருத்துவர் சொன்னதை முதல்ல செய்யுங்க. கூடவே என் அனுபவத்தையும் எழுதிடறேன், இதே மாதிரி நானும் ஒருத்தர் பேச்சைக் கேட்டுத்தான் மாட்டிக்கிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி நவம்பர்ல என் ஆண் குதிரைக்கு கால் உட்பட முழுசா வெட்டிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. பன்னிரண்டாவது நாள் முன்னங்கால் தசைநாண் கிழிஞ்சது. மூணு மாசம் லாயத்தை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நடந்தா சூடு வரும், அதுக்கு நடக்க வழியில்லை. முடி இருந்தா சூடு நிக்கும், அதை நானே எடுத்துட்டேன். ரக் மேல ரக் போட்டு, விடியக்காலை அஞ்சு மணிக்கும் ராத்திரி பதினொண்ணுக்கும் போய் மாத்தி, தோள் ரெண்டு பக்கமும் ரக் தேய்ச்சுப் புண்ணாகி, அந்தக் குளிர்காலம் முழுக்க அதோட கண்ணைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருந்தது. வேலை நின்னுபோனாலும் தாங்கற அளவுக்கு மட்டும் வெட்டுங்க. பட்டை சின்னதா ஆரம்பிச்சா டிசம்பர்ல பெருசாக்கலாம். பெருசா ஆரம்பிச்சா சின்னதாக்க முடியாது.

இன்னொண்ணு, மீசை முடியைத் தொடவே தொடாதீங்க. மூக்கு, உதடு, கண்ணைச் சுத்தி இருக்கற நீள முடி எல்லாம் தொட்டு உணர்றதுக்கு. மூக்குக்கு நேர் கீழ இருக்கறது அதுக்குத் தெரியாது, அந்த முடியை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். ஜெர்மனியில அதை வெட்டறதுக்குச் சட்டப்படியே தடை. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பும் 2021 ஜூலை 1-லேர்ந்து தன் போட்டிகள்ல அதை வெட்டின குதிரையை அனுமதிக்கறதில்லை.

கொங்குப்பொண்ணு · யார்க்ஷயர் · அக்டோபர் 26

ரத்தம் எடுத்து ரிசல்ட் வந்திருச்சுங்க. ஏசிடிஎச் இந்த மாசத்துக்கு இருக்க வேண்டியதைவிடத் தெளிவா அதிகம். இன்சுலின் நல்லபடியா இருக்கு. வெட் (கால்நடை டாக்டர்) வந்து கண்ணு மேல அமுக்கிப் பாத்தாங்க, முதுகைத் தடவிப் பாத்தாங்க, ஆரம்ப நிலைன்னு சொல்லி பெர்கோலைடு எழுதிக் குடுத்திருக்காங்க. தினம் ஒரு தடவை, கொஞ்சமாப் புல்லுக்கட்டியில பொதிஞ்சு குடுக்கறோம். மாத்திரையை மட்டும் துப்பிட்டு மீதியைத் திங்கறா, இப்ப ஆப்பிள் துண்டைக் குடைஞ்சு உள்ள வெச்சாத்தான் போகுது.

குளம்படி ஐயா, நீங்க அந்த ஒரு வரியைப் பிடிச்சிருக்காட்டி நான் இன்னும் ரக் விலை பாத்துட்டு இருந்திருப்பேன். மகள் அழுதுட்டா. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து படிச்சோம், வெட்கிட்ட எல்லாம் கேட்டோம், இப்ப தெளிவா இருக்கோம்.

லோ ட்ரேஸ் போடறதுன்னு முடிவு. கால்நடை டாக்டரும் அதையே சொன்னாங்க. யார்டு பெரியம்மாவும் ரிசல்ட் பாத்த பிறகு, தன்னோட கிளிப்பரையே எடுத்துத் தர்றேன்னுட்டாங்க. ராஜா அண்ணா, எப்படிச் செய்யறதுன்னு கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன். இவளுக்கு மெஷின் சத்தம் பழக்கமிருக்கான்னு தெரியாது.

லாயத்து_ராஜா · சர்ரே · அக்டோபர் 27

நல்லதும்மா, நேரத்துல கண்டுபிடிச்சீங்க. சொல்றேன்.

இன்னைலேர்ந்தே தினம் தீனி தின்னும்போது மெஷினை வாசல்ல நின்னு ஓட விடுங்க. மறுநாள் கொஞ்சம் கிட்ட. அப்புறம் அணைச்சுட்டு மெஷின் முதுகை அவ தோள்ல வெச்சு எடுங்க. அடுத்த நாள் ஓட விட்டு, பிளேடு படாம, கையை அவ தோள்ல வெச்சு அந்தக் கை மேல மெஷினை வைங்க. அந்த அதிர்வு உங்க கை வழியாப் போகணும். நாலஞ்சு நாள் பொறுமை போதும். அதுக்கும் அடங்கலைன்னா வம்பு வேண்டாம், வெட்கிட்ட மயக்க மருந்து கேளுங்க. ஆனா மயக்கத்துல இருக்கற குதிரையும் உதைக்கும், தெளியற வரைக்கும் தீனியும் வைக்கக் கூடாது.

முந்தின நாள் அழுக்கு போகக் குளிப்பாட்டி நல்லாக் காய வைங்க. அழுக்கு முடிதான் பிளேடை மொண்ணையாக்கறது, மொண்ணைப் பிளேடு வெட்டாது, பிடுங்கும். கூர் தீட்டின பிளேடு ரெண்டு ஜோடி வைங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டு, பிளேடை உங்க மணிக்கட்டு உள்பக்கம் வெச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அவளுக்கும் சுடும். நிறுத்தி ஆற விடுங்க. மின்சாரம் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச் வழியாத்தான் மெஷினுக்கு இணைப்பு குடுக்கணும், காலுல ரப்பர் அடி பூட்ஸ்.

கோடு போட சாக்பீஸ். ரெண்டு பக்கமும் ஒரே உயரம் வரணும்னா, ஒரு கயிறை அவ தோள்மேட்டு மேல போட்டு, இந்தப் பக்கக் கோடு வரைக்கும் அளந்து முடிச்சு போட்டு, அதே அளவை அந்தப் பக்கம் வைங்க. கண்ணை நம்பினா ஒரு பக்கம் ஏறிக்கும். முடி படுத்திருக்கற திசைக்கு எதிரா, நீளமா, ஒரே அழுத்தத்துல போகணும், ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசை மேல கொஞ்சம் ஏறி வரணும். முழங்கைக்குப் பின்னாடி தோல் மடிப்பு இருக்கே, அங்கதான் நிறையப் பேர் வெட்டிடறது. மகளை விட்டு முன்னங்காலை முன்னால நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்க, தோல் இழுத்துக்கிட்டு தட்டையாயிடும்.

வெட்டின மறுநாள் ஏறும்போது ஜாக்கிரதை. வயித்துல காத்து பட்ட குதிரைக்குத் துள்ளல் வரும், எவ்வளவு சாதுவா இருந்தாலும்.

பனிவெளி · ஒன்டாரியோ · அக்டோபர் 27

அக்கா, நோய் இருக்கெண்டால் நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கொள்ளுறன். பிள்ளைக்கும் ஆறுதல் சொல்லுங்கோ.

ஆனால் ஒண்டை மட்டும் விடமாட்டன். வெட்டினாப் பிறகு பயத்தில ரக்கை அடுக்காதேங்கோ. நோர்வேயில 23 குதிரைகளுக்குப் பலகையில இருக்கிற குறியை மூக்கால தொட்டு "ரக் போடு", "ரக்கைக் கழட்டு", "அப்படியே விடு" எண்டு சொல்லப் பழக்கினவை, 2016-இல அந்த ஆய்வு வெளிவந்தது. நல்ல வெயில் நாளில ரக் வேண்டாம் எண்டும், மழையும் காத்தும் குளிருமா இருந்த நாளில வேணும் எண்டும் கேட்டதுகளாம். உங்கட பிராம்பிளிட்டப் பலகை இல்லை, அதால நீங்கள்தான் கையை விட்டுப் பாக்க வேணும். காது குளிர்ந்திருந்தால் ஒண்டும் இல்லை. ரக்குக்குள்ள தோள்பட்டைக்குப் பின்னால கையை வையுங்கோ. இளஞ்சூடா உலர்ந்து இருந்தால் சரி, பிசுபிசுத்தால் ரக் கூடிப் போச்சு. கிழமைக்கு ஒருக்கா விலா எலும்பையும் அமத்திப் பாருங்கோ, முடியும் ரக்கும் மெலிவை மறைச்சுப் போடும்.

கொங்குப்பொண்ணு · யார்க்ஷயர் · நவம்பர் 9

முடிச்சாச்சுங்க.

ஆறு நாள் மெஷினைக் காட்டிப் பழக்கினோம். ஞாயித்துக்கிழமை காலைல பெரியம்மா தலைக்கயிறைப் பிடிச்சாங்க, நான் வெட்டினேன், மகள் காலைத் தூக்கினா. முதல் வரிசை நெஞ்சுல ஓட்டினப்ப என் கை நடுங்கிருச்சு. சுருள் சுருளா, மேல கறுப்பு, அடியில பழுப்பா, கம்பளி மாதிரி காலடியில விழுந்துச்சு. வெட்டின இடத்துல வெள்ளைப் பகுதியில தோல் ரோஜா நிறமாத் தெரிஞ்சுது, கறுப்புப் பகுதி எலி நிறத்துக்கு மாறிருச்சு. முழங்கை மடிப்புல ஒரு கீறல் கூட இல்லை. வயித்துக்கடியில போனப்ப மட்டும் ஒரு தடவை காலைத் தட்டினா. அங்க கொஞ்ச நேரம் நிறுத்தி, பிளேடு ஆறினப்புறம் முடிச்சேன். வெட்டின முடி ஒரு தீவன மூட்டை நிறைய வந்துச்சு. மகள் கொஞ்சத்தை எடுத்து வேலி மேல வெச்சிருக்கா, குருவிங்க கூட்டுக்கு எடுத்துட்டுப் போகும்னு.

நேத்து சாயங்காலம் 40 நிமிஷம் ஏறினா, அதே மேடு. இறங்கினப்ப 4:50. நெஞ்சு அப்பவே லேசாத்தான் ஈரம். 5:20-க்கு முழங்கை இடுக்குல கைய விட்டேன், காய்ஞ்சிருந்தது. மழை ரக் மட்டும் போட்டு வெளியில விட்டோம். 7 டிகிரி. காலைல போனதும் முதல் வேலையா ரக்குக்குள்ள கைய விட்டுப் பாத்தேன், இளஞ்சூடா, உலர்ந்து இருந்தா. 200 கிராம் ரக்கை எடுத்து மடிச்சு மறுபடி பெட்டியில வெச்சுட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். பக்கத்து லாயத்துக்காரங்க டிசம்பர்ல வெட்டின எல்லைக் கோட்டை இன்னும் ஒரு கை மேல தூக்கலாம்கறாங்க. வேணுமா?

லாயத்து_ராஜா · சர்ரே · நவம்பர் 9

அரை மணியில காயுதுன்னா எதுக்கு? தூக்க வேண்டாம். அதே எல்லைக் கோட்டுக்குள்ள முடி திரும்ப வளரும், அஞ்சாறு வாரத்துல அதை மட்டும் எடுங்க. ஜனவரி கடைசிக்குள்ள கடைசி வெட்டு, அதுக்கப்புறம் வெயில்காலக் கோட்டு வர ஆரம்பிச்சிடும், மெஷினைத் தொட வேண்டாம்.

குளம்படி · கோர்க், அயர்லாந்து · நவம்பர் 10

மாத்திரை ஆரம்பித்து நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். மே மாதம் வயிற்றுக்கடியில் முடி எப்படி உதிர்கிறது என்று இங்கேயே வந்து எழுதுங்கள்.